பம்பை மாற்றுவதற்கு முன் உறிஞ்சுக் குழாயைப் பாருங்கள்

சென்ற கோடையில் ஒரு நாள் காலை, பட்டறையின் ஷட்டரை உயர்த்துவதற்கு முன்பே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியின் உரிமையாளர் ஒருவர் கோணிப்பையோடு வாசலில் காத்திருந்தார். பைக்குள், வண்டியின் ஹைட்ராலிக் எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்பும் கியர் பம்புகள் மூன்று இருந்தன. மூன்றும் நான்கு மாதங்களுக்குள் ஒரே வண்டியில் மாட்டப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தம் ஏறாமல் கழற்றப்பட்டவை. "எந்தப் பம்பும் நிக்க மாட்டேங்குதுங்க தம்பி. வேற கம்பெனி பம்பாப் பாத்துப் போட்டுக் குடுங்க" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடச் சோர்வே அதிகம் இருந்தது. பம்பின் விலை ஒரு பங்கு என்றால், பம்பு நின்ற இடத்தில் வண்டியும் ஆட்களும் சும்மா கிடந்த நாட்களின் செலவு பல பங்கு.

மூன்றையும் பிரித்து மேசையில் வரிசையாக வைத்தேன். கியர் பம்பில் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழல்கின்றன. அழுத்தம் உள்ள பக்கத்து எண்ணெய் அந்தச் சக்கரங்களை எந்நேரமும் உறிஞ்சும் பக்கத்துச் சுவரை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் புதிய பம்பு முதன்முதலில் அழுத்தம் ஏற்று ஓடும்போதே பல் நுனிகள் அந்தச் சுவரில் தமக்கென ஒரு மெல்லிய தடத்தைச் செதுக்கிக்கொள்ளும். அது இயல்பானது. அந்தத் தடத்தில் நகத்தை வைத்து இழுக்கும்போது உழவுச்சால் போலக் கோடுகள் தட்டுப்பட்டால், அது தூசி தின்ற பம்பு. இவர் கொண்டுவந்த மூன்றிலும் தடம் வழவழப்பாகவே இருந்தது. ஆனால் சக்கரங்களின் இருபுறமும் அணைந்து நிற்கும் பக்கத் தகடுகளில் கறையான் அரித்த பலகையைப் போலப் பொடிப்பொடியான பள்ளங்கள் இருந்தன. மூன்று பம்புகளிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருந்தன.

அந்தப் பள்ளங்கள் எண்ணெய் கிடைக்காமல் பட்டினி கிடந்த பம்பின் அடையாளம். பம்பு எண்ணெயை இழுப்பதாக நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் பம்பு தன் வாயில் ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. தொட்டியின் மேல் நிற்கும் காற்றின் அழுத்தம்தான் எண்ணெயை அந்த வாய்க்குள் தள்ளிவிடுகிறது. அந்தக் காற்றழுத்தம் மொத்தமே ஒரு பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). வழியில் ஏதேனும் தடை இருந்தால் பம்பின் வாயில் அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைந்து, எண்ணெய்க்குள் நுண்ணிய குமிழிகள் தோன்றும். அவை அழுத்தப் பக்கத்துக்குப் போனதும் நொறுங்கும்போது எழும் அதிர்ச்சி உலோகத்தைத் துணுக்குத் துணுக்காகப் பெயர்த்துவிடும். வெளியே நிற்பவருக்குப் பம்புக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்ததா என்று கேட்டேன். ஆபரேட்டர் முதல் வாரத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்ததாகவும், கம்ப்ரஸர் சத்தத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை என்றும் சொன்னார்.

வண்டியைப் பட்டறைக்கு வரவழைத்து, பம்பின் உறிஞ்சும் வாயருகே ஒரு வெற்றிட மானியை மாட்டி ஓட்டினோம். எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது மானி பாதரச அளவில் 12 அங்குல வெற்றிடம் காட்டியது. கியர் பம்புக்கு 5, 6 அங்குலத்தைத் தாண்டினாலே எச்சரிக்கையாக வேண்டும். தொட்டிக்குள் இருந்த சல்லடையைக் கழற்றினோம், சுத்தமாக இருந்தது. உறிஞ்சுக் குழாய் வெளியே பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது. அதைக் கழற்றி நீளவாக்கில் அறுத்துப் பிளந்தபோதுதான் விடை கிடைத்தது: உள்ளே இருந்த ரப்பர் அடுக்கு ஓரிடத்தில் உப்பி உரிந்து, ஒரு நாக்கைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி நின்றிருக்கும்போது அது சுவரோடு ஒட்டிக் கிடக்கும். பம்பு ஓடத் தொடங்கியதும் எண்ணெயின் வேகத்தில் எழுந்து வழியை மறைக்கும். வெளிமாநிலத்தில் அவசரத்துக்குத் தண்ணீர்க் குழாய் விற்கும் கடையில் வாங்கி மாட்டிய குழாய் அது. எண்ணெய்க்கு ஈடுகொடுக்காத ரப்பர். உறிஞ்சும் பக்கத்துக்கென்று உள்ளே சுருள் கம்பி வைத்து, எண்ணெய் தாங்கும் ரப்பரில் செய்யப்படும் 100 ஆர்4 வகைக் குழாயை மாட்டினோம். மானி 3 அங்குலத்துக்கு இறங்கியது. நான்காவதாக மாட்டிய பம்பு, முன்பு வாங்கிய அதே கம்பெனிப் பம்புதான்.

திருச்செங்கோட்டில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ரிக் வண்டிகளின் ஹைட்ராலிக் வேலையைச் செய்துவருகிறேன். இந்த ஊர் வண்டிகள் இந்தியா முழுவதும் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகின்றன. தெலங்கானாவிலோ சத்தீஸ்கரிலோ ஒரு காட்டோரத்தில் வண்டி நின்றுவிட்டால் தொலைபேசி மணி இங்கே ஒலிக்கும். அந்த அழைப்புகளில் பெரும்பாலானவை "எந்தப் பாகத்தை மாற்றுவது" என்றே தொடங்குகின்றன. எனக்குத் தெரிந்தவரை, பாகத்தைத் தேர்ந்தெடுப்பதும் அதைப் பராமரிப்பதும் இரண்டு தனி வேலைகள் அல்ல. ஒரு வண்டியில் எந்த அளவுக்கு எண்ணெயைச் சுத்தமாகவும் குளிர்ச்சியாகவும் வைத்திருக்க நம்மால் முடியுமோ, அந்த எண்ணெயில் உயிர்வாழக்கூடிய பாகத்தைத்தான் அந்த வண்டிக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலைப்பட்டியலைப் பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்கும் பாகம் விரைவில் கோணிப்பைக்கு வந்துவிடுகிறது.

ரிக் வண்டியில் பாறையை உடைப்பது காற்று. கம்ப்ரஸரிலிருந்து ராடுகள் வழியே இறங்கும் காற்று, அடியில் உள்ள ஹேமரை இயக்குகிறது. ராடைச் சுழற்றுவது, கீழே அழுத்துவது, மேலே இழுப்பது, மாஸ்ட் எனும் கோபுரத்தை நிமிர்த்துவது, ஜாக்கிகளில் வண்டியைத் தூக்கி நிறுத்துவது ஆகிய மற்ற எல்லாமே ஹைட்ராலிக். ஆகவே கணக்கைத் தொடங்க வேண்டிய இடம் பம்பு அல்ல, சுமை. ஆயிரம் அடி ஆழத்தில் இருபது அடி ராடுகள் ஐம்பது தொங்குகின்றன. ஒரு ராடு 80 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 4 டன். பல வண்டிகளில் சுழலும் தலைப்பகுதி, சிலிண்டர் நகரும் தூரத்தைப் போல இரு மடங்கு நகரும்படி சங்கிலி போட்டிருப்பார்கள். தூரம் இரட்டித்தால் விசை பாதியாகும். எனவே சிலிண்டர் 8 டன் இழுக்க வேண்டும்.

இப்போது 100 மில்லிமீட்டர் உள்விட்டமும் 56 மில்லிமீட்டர் தண்டும் உள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். இழுக்கும்போது எண்ணெய் தண்டுப் பக்கம் நுழையும் அமைப்பாக இருந்தால், தண்டின் பரப்பைக் கழித்தது போக மிஞ்சுவது சுமார் 54 சதுர சென்டிமீட்டர். எங்கள் ஊரில் அழுத்தத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு பாரும் ஒரு கிலோவும் ஏறத்தாழ ஒன்றுதான். 150 பாரில் இந்தச் சிலிண்டர் சுமார் 8.2 டன் இழுக்கும். காகிதத்தில் போதுமானதாகத் தெரிகிறது. உராய்வைக் கழித்து, கிணற்றுக்குள் மண் சரிந்து ராடு சிக்கிக்கொண்ட அந்த ஒரு நாளை நினைத்துப் பார்த்தால் கையில் எதுவும் மிஞ்சவில்லை என்பது புரியும். அந்த நாளில்தான் ஆபரேட்டர், அழுத்தம் எல்லை மீறாமல் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வின் திருகை இறுக்கி அந்த எல்லையை உயர்த்துகிறார். அதற்கு அடுத்த மாதம் பம்பு போகிறது. 125 மில்லிமீட்டர் சிலிண்டரும் 70 மில்லிமீட்டர் தண்டும் போட்டால் பரப்பு 84 சதுர சென்டிமீட்டருக்கு ஏறி, அதே 150 பாரில் சுமார் 12.9 டன் கிடைக்கும். தலைப்பகுதியில் அது 6.4 டன்.

இதற்கும் ஒரு விலை உண்டு. மூன்று மீட்டர் நகர சின்னச் சிலிண்டருக்கு 16 லிட்டர் எண்ணெய் போதும். பெரியதற்கு 25 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 50 லிட்டர் தரும் பம்பு என்றால் ஒவ்வொரு ராடுக்கும் 11 விநாடி கூடுதலாக ஆகும். ஐம்பது ராடுகளுக்கு ஒன்பது நிமிடம். எந்த உரிமையாளரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாலும் ஒன்பது நிமிடத்தைப் பெரிதாக நினைத்ததில்லை. கணக்குப் போட்டுக் காட்டாமல் மாற்றிய வண்டிகளில் மட்டும் "இழுவை மெதுவாகிவிட்டது" என்ற புகார் வந்திருக்கிறது.

பம்பின் வகையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பிஸ்டன் பம்பு திறமை மிக்கது. 350 பாருக்கு மேலும் தாங்கும். தேவைக்கேற்ப எண்ணெயின் அளவைத் தானே குறைத்துக்கொள்ளும் வகைகளும் உண்டு. கியர் பம்பு பெரும்பாலும் 200 பாரைச் சுற்றியே வேலை செய்யும். திறனும் சற்றுக் குறைவு. ஆயினும் பிஸ்டன் பம்புக்குள் ஒன்றையொன்று உரசும் பரப்புகளுக்கிடையே எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில்தான் இருக்கும். நல்ல வடிகட்டியும் தவறாத கவனிப்பும் உள்ள தொழிற்சாலையில் அது பல ஆண்டுகள் உழைக்கும். சாலையோர மரநிழலில், பாறைப்பொடி பறக்கும்போதே ஹோஸைக் கழற்றி மாட்ட வேண்டிய வண்டிக்கு நான் இன்னமும் கியர் பம்பைத்தான் பரிந்துரைக்கிறேன். அழுக்கை அது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், கெட்டுப்போவதற்கு முன் வேகம் குறைந்து அறிகுறி காட்டும், எந்த ஊரிலும் மாற்று கிடைக்கும். வடிகட்டிகளை முறையாக மாற்றும் உரிமையாளர்கள் சிலர் பிஸ்டன் பம்போடு நன்றாகவே ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு டீசல் மிச்சமாவதையும் பார்த்திருக்கிறேன்.

வெப்பத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பம்பு தரும் எண்ணெயில் வேலைக்குப் போகாத பங்கு ரிலீஃப் வால்வு வழியாகத் தொட்டிக்குத் திரும்பும்போது, அதில் இருந்த ஆற்றல் முழுவதும் சூடாக மாறிவிடுகிறது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை எத்தனை பார் என்பதால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் எண்ணெய் 160 பாரில் ரிலீஃப் வால்வைத் தாண்டினால் 5.3 கிலோவாட். வீட்டில் உள்ள 2 கிலோவாட் கீசர்கள் இரண்டரையைத் தொட்டிக்குள் போட்டு விட்டது போல. இன்னொரு வகையில் சொன்னால், எண்ணெய் தன் அழுத்தத்தில் 100 பாரை வேலை செய்யாமல் இழக்கும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டிகிரி சூடாகிறது. வால்வின் கைப்பிடியைக் கடைசி வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆபரேட்டர், எண்ணெயைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கிறார்.

தொட்டியில் 60 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க முடிந்தால் நல்லது. 80ஐத் தாண்டினால் சாதாரண ரப்பர் சீல்கள் இறுகி உயிரிழக்கத் தொடங்கும். எண்ணெயும் வெகுவேகமாக முதுமை அடையும். பொதுவாக ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடையும் வேகம் இரட்டிக்கும் என்பார்கள். எண்ணெய்த் தரத்தில் உள்ள 46, 68 என்ற எண்கள் 40 டிகிரியில் அதன் பாகுத்தன்மையைக் குறிப்பவை. அதே 68 எண்ணெய் 100 டிகிரியில் எட்டு ஒன்பது என்ற அளவுக்கு நீர்த்துவிடும். நீர்த்த எண்ணெய் பம்பின் இடுக்குகள் வழியே பின்னோக்கிக் கசியும். அந்தக் கசிவே மேலும் சூட்டை உண்டாக்கும். ரிக் வண்டிக்கு எங்கள் பட்டறையில் 68ஐத்தான் ஊற்றுகிறோம். கோடையில் 42 டிகிரி வெயிலில் கம்ப்ரஸரின் சூடான காற்றும் சேர்ந்து வீசும் இடத்தில் அது தேவைப்படுகிறது. குளிர்காலத்தில் வட மாநிலங்களுக்குப் போகும் வண்டிகளிடம் மட்டும், காலையில் முதல் பத்து நிமிடம் சுமையில்லாமல் ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்கிய பிறகே வேலையைத் தொடங்கச் சொல்கிறேன். குளிர்ந்த 68 எண்ணெய் உறிஞ்சுக் குழாயில் நகர அடம்பிடிக்கும். மேலே சொன்ன கூழாங்கல் சத்தம் அப்போதும் வரும்.

எண்ணெய்க் குளிர்விப்பானின் மடிப்புகளில் பாறைப்பொடியும் கிரீஸும் சேர்ந்து அப்பிக்கொள்ளும். காற்று எந்தத் திசையில் உள்ளே போகிறதோ அதற்கு எதிர்த் திசையிலிருந்து ஊதினால்தான் அது வெளியேறும். முன்பக்கத்திலிருந்து ஊதுபவர்கள் பொடியை இன்னும் உள்ளே திணிக்கிறார்கள்.

அழுக்கின் கதை வேறு. நம் வட்டாரத்துப் பாறைகளை உடைக்கும்போது பறக்கும் பொடியில் குவார்ட்ஸ் நிறைய இருக்கும். அதன் கடினம் மோஸ் அளவில் 7. கத்தியின் எஃகையே அது கீறிவிடும். மனிதக் கண்ணுக்கு 40 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள் தெரியாது. தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். ஆனால் வால்வுக்குள் நகரும் உருளையான ஸ்பூலுக்கும் அதன் துளைக்கும் இடையே உள்ள இடைவெளி பத்து மைக்ரானை ஒட்டியே இருக்கும். அந்த இடைவெளிக்குள் நுழையும் அளவுள்ள துகள்தான் தேய்ப்பதில் முதன்மையானது. ஆகவே எண்ணெயை விரலில் தொட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து "தெளிவாகத்தானே இருக்கிறது" என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. எண்ணெயின் சுத்தத்தை ஐஎஸ்ஓ 4406 என்ற முறையில் மூன்று எண்களால் குறிப்பார்கள். ஒரு மில்லிலிட்டரில் 4, 6, 14 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் எத்தனை என்பதன் குறியீடு அது. 18/16/13 என்றால், 4 மைக்ரானுக்கு மேற்பட்டவை ஒரு மில்லிலிட்டரில் 1,300 முதல் 2,500 வரை. எண் ஒன்று ஏறினால் துகள்களின் எண்ணிக்கை இரட்டிக்கும். மூன்று ஏறினால் எட்டு மடங்காகும்.

பீப்பாயில் வரும் புதிய எண்ணெயும் சுத்தமானது அல்ல என்பதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். நிரப்பும் இடம், பீப்பாயின் உட்சுவர், லாரிப் பயணம், கடைசியில் நாம் பயன்படுத்தும் குடம் ஆகிய ஒவ்வொரு இடத்திலும் அழுக்கு சேர்கிறது. பீப்பாயை நிமிர்த்தி வெயிலிலும் மழையிலும் வைத்தால், மூடியைச் சுற்றித் தேங்கும் நீர் இரவில் பீப்பாய் குளிர்ந்து சுருங்கும்போது உள்ளே இழுக்கப்பட்டுவிடும். பீப்பாயைப் படுக்கவைக்க வேண்டும். இரண்டு மூடிகளும் மூன்று மணி, ஒன்பது மணித் திசையில் இருக்க வேண்டும். எங்கள் பட்டறையில் ஒரு சிறிய பம்பையும் 10 மைக்ரான் வடிகட்டியையும் தள்ளுவண்டியில் பொருத்தி வைத்திருக்கிறோம்; எந்தத் தொட்டிக்கும் எண்ணெய் அதன் வழியாகத்தான் போகும். முதலில் நேரம் வீணாகிறதென்று பையன்கள் முணுமுணுத்தார்கள். ஒரு வருடம் கழித்து, புதுப் பீப்பாய் எண்ணெய் மட்டுமே ஓடிய அந்த வடிகட்டியைக் கழற்றி அறுத்து, மடிப்புகளை விரித்துக் காட்டினேன். அதன் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

திரும்பும் குழாயில் உள்ள வடிகட்டியைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்கிறேன். அது அடைத்துக்கொண்டால் எண்ணெய் நின்றுபோவதில்லை. வடிகட்டி வெடித்துவிடாமல் இருக்க உள்ளே ஒரு பக்கவழி வால்வு இருக்கிறது. அது திறந்ததும் எண்ணெய் வடிகட்டப்படாமலே தொட்டிக்குப் போகும். வண்டி எப்போதும் போல ஓடும். அடைப்பு இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. ஆகவே அடைப்பைக் காட்டும் மானி உள்ள வடிகட்டியை மட்டுமே வாங்குங்கள். அதன் முள் சிவப்புக்குப் போகும் வரை காத்திருக்காதீர்கள். தொட்டியின் மூச்சு மூடியும் அதே அளவு முக்கியம். சிலிண்டர்கள் நீளும்போதெல்லாம் தொட்டியில் எண்ணெய் மட்டம் இறங்கி, அந்த இடத்தை வெளிக்காற்று நிரப்புகிறது. அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்பதை ரிக் வண்டி அருகே ஐந்து நிமிடம் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடி தொலைந்துபோய் வாயில் துணி கட்டி ஓடிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்; அந்தத் துணியின் நூலிழை வால்வில் சிக்கியதையும் பார்த்திருக்கிறேன்.

ஹோஸைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: முனையின் மரை பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பது. இரட்டைக் கம்பிப் பின்னல் உள்ள 2எஸ்என் வகை ஹோஸ் அரை அங்குலத்தில் 275 பார் தாங்கும். அதே வகை ஒரு அங்குலத்தில் 165 பார்தான் தாங்கும். விட்டம் பெரிதானால் தாங்கும் அழுத்தம் குறையும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது. பருத்த குழாயின் சுவரை எண்ணெய் தள்ளும் பரப்பு அதிகம் என்று யோசித்தால் விளங்கிவிடும். ஒரு அங்குலத்தில் அதைவிட அதிகம் வேண்டுமென்றால் நான்கு அடுக்குச் சுருள் கம்பி உள்ள 4எஸ்பி வகைக்குப் போக வேண்டும். அது 280 பார் தாங்கும். வெடிக்கும் அழுத்தம் இதைப் போல நான்கு மடங்கு என்று பட்டியலில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இன்னும் இடமிருக்கிறதே" என்று எண்ணக் கூடாது. கைப்பிடியைச் சட்டென்று விடும்போது எழும் அதிர்ச்சி அழுத்தத்துக்கும், வருடக்கணக்கான வளைவு நிமிர்வுக்கும் சேர்த்துத்தான் அந்த நான்கு மடங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு அங்குல 2எஸ்என் ஹோஸை 300 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. முனையை ஒட்டிய இடத்திலேயே வளைவு தொடங்கினால் அந்த ஹோஸ் அங்கேதான் வெடிக்கும். ஹோஸின் மேல் அச்சிட்ட வரியில் தயாரித்த காலாண்டும் ஆண்டும் இருக்கும். வாங்கும்போது அதைப் படியுங்கள். ஜெர்மனியின் டின் 20066 விதி, முனை பொருத்திய ஹோஸுக்குக் கிடங்கில் இருந்த காலமும் சேர்த்து ஆறு ஆண்டுகளை எல்லையாக வைக்கிறது. நம் வெயிலில் மாஸ்ட் மேல் ஆடிக்கொண்டிருக்கும் ஹோஸுக்கு அதில் பாதியே அதிகம் என்பது என் எண்ணம்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு கை நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்களோடு வேலை செய்த ஒரு பையன், ஹோஸில் எங்கோ மெல்லிய கசிவு இருக்கிறதென்று ஓடும் வண்டியில் கையால் தடவிப் பார்த்தான். ஊசி குத்தியது போல இருந்தது என்றான். விரல் நுனியில் ஒரு சிறு புள்ளி; இரத்தம்கூட வரவில்லை; வலியும் இல்லை. தேநீர் குடித்துவிட்டு வேலையைத் தொடர இருந்தவனை நான் வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். மாலைக்குள் விரல் வீங்கிக் கறுத்துவிட்டது. அன்று இரவே அறுவை சிகிச்சை செய்து உள்ளே பரவியிருந்த எண்ணெயைக் கழுவி எடுத்தார்கள். விரல் தப்பியது. நுண்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எதுவும் தெரியாது. சில மணி நேரத் தாமதம்கூட விரலையோ கையையோ பறித்துவிடலாம். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பிடியுங்கள். அதற்கும் முன் எஞ்சினை நிறுத்தி, கைப்பிடிகளை ஆட்டி அழுத்தத்தை இறக்குங்கள். மருத்துவரிடம் போனால் "எண்ணெய் கொட்டிவிட்டது" என்று சொல்லாமல், "அதிக அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே ஏறிவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

சிலிண்டரில் முதலில் பார்க்க வேண்டியது தண்டு. அதன் மேல் பூசியிருக்கும் குரோமியம் பெரும்பாலும் 20, 25 மைக்ரான்தான். ஸ்பேனர் விழுந்து ஏற்பட்ட ஒரு சிறு வடு, உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் சீலின் உதட்டைக் கிழிக்கும். சீலை மூன்று முறை மாற்றியும் ஒழுகுகிறது என்று வரும் சிலிண்டர்களில், தண்டை வெள்ளைத் துணியால் மெல்லத் துடைத்தாலே போதும். நூல் சிக்கும் இடம் காட்டிக்கொடுத்துவிடும். லண்டனில் ஜோசப் பிரமா 1795இல் ஹைட்ராலிக் அழுத்தப்பொறிக்குக் காப்புரிமை பெற்றபோதும் அவரை வாட்டியது இந்தக் கசிவுதான். அவர் பட்டறையில் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லே, எண்ணெய்க்குப் பதிலாக அன்று இருந்த தண்ணீரின் அழுத்தமே விரித்து இறுக்கும்படி ஒரு தோல் வளையத்தைப் பொருத்திக் கசிவை அடக்கியதாகச் சொல்வார்கள். இன்று நாம் மாட்டும் யூ வடிவ சீலும் அதே முறையில்தான் வேலை செய்கிறது: உதட்டின் வாய் அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் அது சீலே அல்ல. வெளிப்பக்கத்தில் தூசியை வழித்துவிடும் வைப்பர் சீல் எல்லாவற்றிலும் விலை குறைந்தது. சீல் செட்டில் அதை மட்டும் பழையதையே விட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தூசியை உள்ளே அழைத்துப்போவது அந்தப் பழைய வைப்பர்தான்.

ஜாக்கிகளிலும் மாஸ்ட் சிலிண்டரிலும், உள்ளே உள்ள எண்ணெயை வெளியேறவிடாமல் பிடித்து வைக்கும் பூட்டு வால்வு சிலிண்டரின் உடலோடு நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவில் ஹோஸ் இருந்தால், அந்த ஹோஸ் வெடிக்கும்போது வால்வு இருந்தும் பயனில்லை. மாஸ்ட் கீழே வரும். இதில் விலை பேசக் கூடாது.

சுழற்றும் மோட்டாருக்கு வருகிறேன். அதன் உடலிலிருந்து தொட்டிக்கு நேரே போகும் ஒரு சிறு கசிவுக் குழாய் உண்டு. மோட்டாருக்குள் தேய்மானத்தால் கசியும் எண்ணெய் அதன் வழியே வெளியேறும். அந்தக் குழாயை வசதிக்காகப் பொதுத் திரும்பு குழாயோடு இணைத்துவிட்டால், அங்கே எழும் எதிரழுத்தம் மோட்டாரின் தண்டு சீலைத் தள்ளி வெளியே எறிந்துவிடும். தனியாக, தொட்டிக்கே போக வேண்டும். அந்தக் குழாயின் தொட்டி முனையைக் கழற்றி, வேலை அழுத்தத்தில் ஒரு நிமிடம் வாளியில் பிடித்து அளந்தால், மோட்டாரைப் பிரிக்காமலே அதன் ஆயுளைப் படித்துவிடலாம். ஒரு முறை அளந்த எண்ணால் பெரிய பயன் இல்லை. மோட்டார் புதிதாக இருந்த நாளில் எவ்வளவு, இன்று எவ்வளவு என்ற ஒப்பீடு வேண்டும். அளக்கும்போது எண்ணெயின் சூடும் ஒன்றாக இருக்க வேண்டும். குளிர்ந்த எண்ணெய் குறைவாகக் கசிந்து பொய் சொல்லும்.

கோணிப்பையோடு வந்த அந்த உரிமையாளரின் வண்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். நான்காவது பம்பு மாட்டிய அன்று, 50 டிகிரிச் சூட்டில், 150 பாரில், மோட்டாரின் கசிவு நிமிடத்துக்கு முக்கால் லிட்டர். பம்பின் வாயில் வெற்றிடம் 3 அங்குலம். சென்ற வாரம் வண்டி சத்தீஸ்கருக்குக் கிளம்புவதற்கு முன் அதே சூட்டில் மீண்டும் அளந்தோம். கசிவு ஒரு லிட்டர், வெற்றிடம் 3 அங்குலம். ஆபரேட்டரே தன் கையால் தேதியோடு எழுதிக்கொண்டார். சுத்தமான மூடிகள் போட்ட இரண்டு ஹோஸ், ஒரு வடிகட்டி, ஒரு செட் சீல், 100 ஆர்4 குழாயில் ஒன்றரை மீட்டர் ஆகியவற்றை ஒரு பெட்டியில் வைத்து, பூட்டி, சாவியை அவரிடமே கொடுத்தார் உரிமையாளர்.